தாமரையா, சிப்பியா, காளானா, பட்டா? இயற்கையிடம் கற்கும் புராஜெக்ட்டுக்கு எதை எடுப்பது

ஜூலை பிறந்தால் போதும், கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். "சார், இயற்கையைப் பார்த்து ஒரு மெட்டீரியல் செய்யலாம்னு இருக்கோம். தலைப்பை ஓகே பண்ணும் ஜீரோத் ரிவ்யூவுக்கு இன்னும் ரெண்டு வாரம்தான் இருக்கு. எதை எடுக்கலாம்?" கேட்பவர்கள் மெக்கானிக்கல், கெமிக்கல், டெக்ஸ்டைல், பயோடெக் என்று பல பிரிவுகளின் இறுதியாண்டு மாணவர்கள். கையில் இருக்கும் பட்டியல் மட்டும் ஏறக்குறைய ஒன்றேதான்: தண்ணீர் ஒட்டாத தாமரை இலை, உடையாத சிப்பி ஓடு, தெர்மாகோலுக்கு மாற்றாகக் காளான், எஃகை மிஞ்சும் சிலந்திப் பட்டு.

முன்பெல்லாம் "உங்களுக்குப் பிடித்ததை எடுங்கள்" என்று சொல்லிவிடுவேன். அது பதிலே இல்லை என்பது சில வைவாக்களில் (வாய்மொழித் தேர்வுகளில்) உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. ஆகவே இந்த முறை விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோலுக்கு நான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக எடை கொடுப்பேன். நீங்கள் இயற்கையிடமிருந்து எடுப்பது வடிவத்தையா, செய்முறையையா? சிப்பி தன் ஓட்டைக் கடல் தண்ணீரின் வெப்பத்திலேயே வளர்க்கிறது. சிலந்தி நீரில் கரைந்த புரதத்தை இழுத்தே நூலாக்கிவிடுகிறது. அடுப்பு, அமிலம், அழுத்தக் கலன் எதுவும் கிடையாது. நாமோ எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் தெரிந்த வடிவத்தை மட்டும் நகலெடுத்து, அதை 1500 டிகிரியில் சுட்டுவிட்டு, தலைப்பில் 'நீடித்த' என்ற சொல்லைச் சேர்த்துவிடுகிறோம். வடிவத்தை மட்டும் எடுப்பது தப்பில்லை, அதற்கும் மதிப்பு உண்டு. ஆனால் அதைச் சூழலுக்கு நல்லது என்று விற்கக் கூடாது.

அடுத்தது, பாட்டிலில் என்ன இருக்கிறது என்பது. வாங்கும் ஒவ்வொரு வேதிப்பொருளின் பாதுகாப்புத் தாளையும் ஜீரோத் ரிவ்யூவுக்கு முன்பே படித்துவிடுங்கள்.

கருவி விஷயத்தில் "காலேஜில் இருக்கிறதா" என்று கேட்டு நிறுத்திக்கொள்ளக் கூடாது. "பத்துத் தடவை ஓட்ட முடியுமா" என்று கேட்க வேண்டும். வெளியில் அனுப்பி இரண்டு எஸ்இஎம் (எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்) படம் வாங்குவது ஆராய்ச்சி ஆகாது.

பொருளின் வேலை முடிந்தபின் அது எங்கே போகும் என்று பார்ப்பது இன்னோர் அளவுகோல். கடைசியாக ஒன்று, இதை யாரும் கேட்பதில்லை: தோற்றுப்போனால் எழுத என்ன மிஞ்சும்? மார்ச் மாதம் கையில் தோல்வி மட்டுமே இருந்தால், அந்தத் தோல்வியே ஓர் அத்தியாயமாக நிற்குமா?

## தாமரை இலை: தண்ணீர் ஒட்டாத பரப்பு

ஒட்டாத உறவைத் தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் காலம்காலமாகச் சொல்லிவருகிறோம். ஏன் ஒட்டவில்லை என்பதை ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட், தன் சகா கிறிஸ்டோஃப் நைன்ஹுயிசுடன் சேர்ந்து 1997இல் விரிவாக எழுதினார். இலையின் மேல் சுமார் 10 மைக்ரோமீட்டர் அளவில் மேடுகள். அந்த மேடுகளின் மேல் அதைவிட மிகச் சிறிய மெழுகுக் குழல்கள். சொட்டு இலையைத் தொடுவதைவிட இடையில் சிக்கிய காற்றைத்தான் அதிகம் தொடுகிறது. சொட்டின் ஓரம் பரப்போடு சேரும் இடத்தில் உள்ள கோணம், அதாவது தொடுகோணம், 150 டிகிரியைத் தாண்டினால் அதீத நீர்விலக்குப் பரப்பு என்பார்கள், தாமரை 160ஐத் தொடும். உருளும் சொட்டு தூசியையும் அள்ளிக்கொண்டு போகிறது. 1999இல் இந்தக் கருத்தை வைத்து லோட்டுசான் என்ற வெளிச்சுவர் பெயின்ட் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது.

மாணவர்களுக்கு இது பிடிப்பதில் ஆச்சரியமில்லை. வீடியோ அழகாக வரும். முதல் ரிவ்யூவில் கைதட்டல் நிச்சயம்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. முதலாவது ஃப்ளூரின். 150 டிகிரியைச் சுலபமாகத் தாண்ட வேண்டுமென்று பல ஆய்வுக் கட்டுரைகள் ஃப்ளூரோசைலேன் வகைகளைப் பூசுகின்றன. கார்பன்-ஃப்ளூரின் பிணைப்பு மிக வலுவானது, எளிதில் சிதையாது. அதனால்தான் இந்தக் குடும்பத்துக்கே 'அழியா வேதிப்பொருட்கள்' என்று பெயர் வந்தது. இதே குடும்பத்தின் பிஎஃப்ஓஎஸ் 2009இலும் பிஎஃப்ஓஏ 2019இலும் எளிதில் அழியாத நச்சுப்பொருட்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்ந்தன. தாமரை தன் வேலையைச் சாதாரண மெழுகை வைத்தே முடித்துக்கொள்கிறது. நாம் அதன் வடிவத்தை எடுத்துக்கொண்டு, எந்த இலையும் அறியாத ஒன்றை மேலே பூசுகிறோம்.

இரண்டாவது செலவு தேய்மானம். எங்கள் மாணவர்கள் சிலர் ஒரு கண்ணாடித் தகட்டை மிகப் பிரமாதமாகச் செய்திருந்தார்கள். சொட்டு பாதரசம்போல ஓடியது. வெளித்தேர்வாளர் எதுவும் பேசவில்லை. கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்துவிட்டு, "இப்போ விடுங்க" என்றார். சொட்டு அங்கேயே ஒட்டிக்கொண்டது. இலைக்கும் தேய்மானம் உண்டுதான், ஆனால் உயிருள்ள இலை மெழுகைத் திரும்பச் சுரந்துகொள்ளும். தகடு சுரக்காது.

இதையே எடுக்கப்போகிறீர்கள் என்றால் ஒரு வழி சொல்கிறேன். அலுமினியத் தகட்டை நன்றாகச் சுத்தம் செய்து கொதிநீரில் போட்டால், அதன் மேல் நுண்ணிய செதில்கள் தானாகவே முளைக்கும். பிறகு எத்தனாலில் கரைத்த ஸ்டியரிக் அமிலத்தில் முக்கி எடுங்கள். அது சோப்பும் மெழுகுவர்த்தியும் செய்பவர்கள் வாங்கும் பொருள். ஃப்ளூரினே தேவைப்படாது. தொடுகோணத்தைப் போன் கேமராவுக்கு மேக்ரோ லென்ஸ் மாட்டி எடுத்து, இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளில் அளக்கலாம். "எவ்வளவு கோணம் வந்தது" என்பதைக் கேள்வியாக வைக்காதீர்கள், அது பழைய கதை. "உப்புத்தாளில் எத்தனை முறை தேய்த்தால் கோணம் விழுகிறது, திரும்ப முக்கினால் எவ்வளவு மீள்கிறது" என்று வையுங்கள். பூச்சு தோற்றுப்போவதே அப்போது உங்கள் தரவு ஆகிவிடும்.

இதே குடும்பத்தில் இன்னொன்றும் உண்டு, பூச்சி தின்னும் நெப்பந்தஸ் குடுவைச் செடி. மேகாலயாவிலும் ஒரு வகை இருக்கிறது. ஹார்வர்டில் ஜோவானா ஐசன்பெர்க் குழு 2011இல் அதைப் பார்த்து, எண்ணெய் ஊறிய வழுக்குப் பரப்பு ஒன்றைச் செய்து காட்டியது. அபாரமான வேலை. ஆனால் முதலில் அதில் ஊறியிருந்தது ஃப்ளூரின் சார்ந்த எண்ணெய். செடி பூச்சியை வழுக்கி விழ வைக்கப் பயன்படுத்துவது நீர்ப்படலத்தை.

## சிப்பி ஓடு: உடையாத சுண்ணாம்பு

வெற்றிலைக்குத் தடவும் கிளிஞ்சல் சுண்ணாம்பு எதிலிருந்து வருகிறது என்று தெரியும். அந்த ஓட்டின் சரக்கு வெறும் கால்சியம் கார்பனேட். முத்துச்சிப்பியின் உள்பக்க மினுமினுப்பில் 95 சதவீதம் அதுதான், அரகோனைட் என்ற வடிவில். அரை மைக்ரோமீட்டர் தடிமனில் சின்னச் சின்னத் தட்டுகள் செங்கல் அடுக்கியதுபோல இருக்கும். நடுவே சாந்து மாதிரி மிக மெல்லிய புரதமும், பூச்சிகளின் ஓட்டிலும் இருக்கும் கைட்டினும். விரிசல் நேராக ஓட முடியாமல் தட்டுக்குத் தட்டு சுற்றிக்கொண்டு போகிறது, தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கின்றன. அதனால் அதை உடைக்கத் தனி அரகோனைட்டை உடைப்பதைவிடப் பல மடங்கு ஆற்றல் தேவைப்படுகிறது.

இதைச் செய்து பார்க்க இரண்டு பாதைகள் உண்டு. இரண்டுக்கும் உள்ள தூரம் பெரியது.

முதலாவது உறைய வைத்து வார்ப்பது. கடல்நீர் உறையும்போது பனிக்கட்டி உப்பை வெளியே தள்ளும் அல்லவா? அதேபோல அலுமினா என்ற பீங்கான் தூள் கலந்த தண்ணீரை ஒரு பக்கத்திலிருந்து உறைய வைத்தால், வளரும் பனித்தகடுகள் துகள்களை இடையிடையே ஒதுக்கி அடுக்கடுக்காக்கிவிடும். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் தெவீல், சாயிஸ், நல்லா, டோம்சியா ஆகியோர் இதை 2006இல் காட்டினார்கள். படிக்கும்போது மனம் துள்ளும். செய்ய இறங்கினால், பனியை ஆவியாக்க உறைவுலர்த்தி வேண்டும், பிறகு 1500 டிகிரி தாண்டிய ஃபர்னஸ் வேண்டும். சாதாரணக் கல்லூரி மஃபிள் ஃபர்னஸ் 1000, 1200 டிகிரியிலேயே நின்றுவிடும். போகட்டும், கிடைத்தாலும் அந்த மின்சாரத்தைக் கணக்கில் எழுதித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது பாதை களிமண். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நிக்கோலஸ் கோட்டோவின் குழு 2007இல் மான்ட்மோரில்லோனைட் களிமண்ணையும் பாலிவினைல் ஆல்கஹாலையும் மாற்றி மாற்றி 300 அடுக்கு வைத்து, கண்ணாடிபோலத் தெளிவான, மிக வலுவான படலம் செய்தது. 300 முறை முக்கி எடுக்க யாருக்குப் பொறுமை? 2010இல் பின்லாந்தில் ஆந்திரியாஸ் வால்டர் குழு, களிமண் தட்டுகளின் மேல் பாலிமரை முதலில் ஒட்டவைத்துவிட்டு, காகிதம் செய்வதுபோல நீரை வடித்தே அடுக்குகளைப் பெறலாம் என்று காட்டியது. இது கல்லூரிக்குக் கட்டுப்படியாகும். மான்ட்மோரில்லோனைட் நிறைந்த பெண்டோனைட் களிமண் நம் நாட்டில் குஜராத்திலும் ராஜஸ்தானிலும் கிடைக்கிறது, பைலிங் போடும் இடங்களில் மூட்டை மூட்டையாகப் பார்த்திருப்பீர்கள். பாலிவினைல் ஆல்கஹால் பாவு நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங் மில்களில் புழங்கும் சரக்குதான். தண்ணீரும் சாதாரண வெப்பமும் போதும் என்பதால், சிப்பியின் வடிவத்தோடு அதன் செய்முறையும் கொஞ்சம் கூடவே வருகிறது.

களிமண்ணைச் சுத்தம் செய்து தட்டுதட்டாகப் பிரிப்பது வாரக்கணக்கில் இழுக்கும், அது மறைந்த செலவு. இன்னொன்று ஈரம். பாலிவினைல் ஆல்கஹால் தண்ணீரை விரும்பும் பாலிமர். டிசம்பர் மழையில் இழுவிசைச் சோதனை செய்தால் ஒரு எண், ஏப்ரல் வெயிலில் இன்னொரு எண். ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தாமல் எடுத்த எண்ணை நம்பாதீர்கள்.

## சிலந்தி: ஆசை இருக்கட்டும், பட்டுப்புழுவைப் பாருங்கள்

இதைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். சிலந்தியின் இழுநூல் இழுவலிமையில் நல்ல எஃகுக்குப் பக்கத்தில் நிற்கும். அறுபடுவதற்குள் அது வாங்கிக்கொள்ளும் ஆற்றலில், குண்டு துளைக்காத உடைகளில் வரும் கெவ்லார் இழையையே தாண்டிவிடும். ஆனால் சிலந்தியைப் பண்ணையில் வளர்க்க முடியாது, ஒன்றையொன்று தின்றுவிடும். மடகாஸ்கரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொன்வலைச் சிலந்திகளைப் பிடித்து, நூல் எடுத்துவிட்டு, திரும்ப விட்டு, நான்கு ஆண்டுகள் உழைத்து ஒரே ஒரு துணி நெய்தார்கள். 2009இல் அது நியூயார்க்கில் காட்சிக்கு வைக்கப்பட்டது. ஆட்டுப்பாலில் சிலந்திப் புரதம் எடுக்கக் கிளம்பிய கனடாவின் நெக்சியா நிறுவனம் நிலைக்கவில்லை. நுண்ணுயிரில் புரதத்தை வளர்க்கும் ஜப்பானின் ஸ்பைபர், ஜெர்மனியின் ஏஎம்சில்க் போன்ற நிறுவனங்கள் பல ஆண்டு உழைப்பில்தான் பொருளாக்கும் கட்டத்துக்கு வந்தன. நனைந்தால் சிலந்தி நூல் பாதியளவு வரை சுருங்கும் என்பதும் உடை செய்பவர்களுக்குத் தலைவலி. எட்டு மாத புராஜெக்ட்டில் இதற்கு இடமில்லை.

பட்டுப்புழுவுக்கு இடம் உண்டு. தருமபுரி பட்டுக்கூடு சந்தைப் பக்கம் வீடு இருப்பவர்களுக்கு நூல் எடுக்க உதவாத கழிவுக் கூடுகள் கிடைக்கலாம். சோடியம் கார்பனேட்டில் கொதிக்க வைத்தால் மேல்பசையான செரிசின் போய்விடும், கூட்டின் எடையில் ஏறக்குறைய கால்வாசி அதுதான். மிஞ்சும் பட்டுப் புரதமான ஃபைப்ராயினைக் கரைக்க ஆய்வகங்களில் லித்தியம் புரோமைடு பயன்படுத்துவார்கள். விலை அதிகம். கால்சியம் குளோரைடு, எத்தனால், தண்ணீர் கலவையும் கரைக்கும். இரண்டிலும் உப்பை வெளியேற்ற, கரைசலை நுண்துளைப் பையில் ஊற்றி நீரில் வைக்கும் டயாலிசிஸ் செய்ய வேண்டும், இரண்டு மூன்று நாள், பக்கெட் பக்கெட்டாகக் காய்ச்சி வடித்த நீர். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தினர் இந்தக் கரைசலை ஸ்ட்ராபெரியின் மேல் பூசி, அது வாடுவதைத் தள்ளிப்போட முடியும் என்று 2016இல் காட்டினார்கள். ஸ்ட்ராபெரிக்குப் பதில் தக்காளியை வைத்து எடை இழப்பை அளக்க ஒரு நல்ல தராசும் பொறுமையும் போதும். பயோடெக், ஃபுட் டெக்னாலஜி மாணவர்களுக்கு மட்டும் இதைச் சொல்வேன். டயாலிசிஸ் பை கையில் பிடித்துப் பழக்கமில்லாதவர்கள் வேண்டாம்.

## காளான்: அச்சில் வளரும் பொருள்

என் மனம் சாய்வது இதன் பக்கம்தான், அதை ஒளிக்கவில்லை. இங்கே நாம் எதையும் நகலெடுப்பதே இல்லை. வைக்கோல், கரும்புச் சக்கை போன்ற கழிவை அச்சில் நிரப்பிக் காளான் வித்தைக் கலந்துவிட்டால், பூஞ்சையின் வெண்ணிழைகள் துண்டுகளைப் பின்னிப் பிணைத்து ஒரே கட்டியாக்கிவிடும். காளான் தலைகாட்டும் முன் சூடாக்கி உலர்த்தி வளர்ச்சியை நிறுத்துகிறோம். பசையை உற்பத்தி செய்யும் தொழிற்சாலை அந்தப் பூஞ்சையேதான்.

அமெரிக்காவில் எபன் பேயரும் கேவின் மெக்கின்டயரும் 2007இல் தொடங்கிய ஈகோவேட்டிவ் இதைத் தொழிலாக்கியது. டெல் நிறுவனம் கணினிகளைப் பொதிய இதைப் பயன்படுத்தியது. 2014இல் நியூயார்க்கின் மோமா பிஎஸ்1 கலைக்கூட முற்றத்தில் சுமார் 10,000 காளான் செங்கல்களை வைத்து ஒரு கோபுரமே எழுப்பி, கோடை முடிந்ததும் கலைத்து உரமாக்கினார்கள்.

நம் ஊரில் இதற்குள்ள சௌகரியம் வேறெந்தத் தேர்வுக்கும் இல்லை. சிப்பிக் காளான் வித்து கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் கிடைக்கும், தனியாரிடமும் கிடைக்கும். அதை எப்படிக் கையாள்வது என்று பக்கத்து ஊர்க் காளான் பண்ணைக்காரரிடமே கேட்டுக்கொள்ளலாம். நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் இல்லாவிட்டால் வைக்கோலைக் கொதிநீரில் போட்டு எடுப்பதே அவர்களது வழி.

இனி செலவுகள். முதல் எதிரி பச்சைப் பூசணம், டிரைக்கோடெர்மா. ஓர் ஆண்டு எங்கள் பிள்ளைகள் வைக்கோலைச் சரியாக வடிக்காமல் ஈரத்தோடு அடைத்துவிட்டுப் பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் பன்னிரண்டு அச்சில் ஒன்பது பச்சை. அறை முழுக்க நாற்றம், துறைத்தலைவரிடம் திட்டு வேறு. ஆனால் அந்த ஒன்பதும்தான் அறிக்கையின் நல்ல அத்தியாயமாயின. ஈரம் எவ்வளவு இருந்தால் எத்தனை சதவீதம் கெட்டது என்று ஒரு வரைபடம் கிடைத்தது.

எடை இரண்டாவது. தெர்மாகோல் ஒரு கனமீட்டருக்கு 15 முதல் 30 கிலோ. காளான் கட்டி பெரும்பாலும் 60க்கு மேல், 200ஐத் தாண்டுவதும் உண்டு. லாரியில் ஏறினால் டீசல் கணக்கு மாறும். வெப்பத்தைத் தடுப்பதில் நல்ல கட்டிகள் தெர்மாகோலை நெருங்கும், ஆனால் மிஞ்சாது. தண்ணீரில் போட்டால் குடித்துவிடும், ஐஸ்பெட்டிக்கு அப்படியே உதவாது. வேகவைக்கவும் உலர்த்தவும் ஆகும் எரிபொருளும் இருக்கிறது. அதைச் சேர்க்காத "சூழல் நட்பு" ஒப்பீட்டை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

இன்னொரு சங்கடமான கேள்வி: முட்டைத் தட்டு மாதிரி காகிதக்கூழிலேயே அச்சு வார்க்கலாமே, காளான் எதற்கு? மெல்லிய தட்டு போதுமென்றால் கூழ்தான் மலிவு, வேகமும்கூட. கனமான பொருளைத் தாங்கும் தடித்த மூலைக்கட்டிகள் வேண்டுமென்றால்தான் காளானுக்கு நியாயம் இருக்கிறது. இந்த ஒப்பீட்டை நீங்களே முதல் அத்தியாயத்தில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் வைவாவில் அதுதான் முதல் கேள்வியாக வரும்.

## ஒரே பார்வையில்

| | தாமரைப் பூச்சு | களிமண் சிப்பி | பட்டுப் பூச்சு | காளான் கட்டி |
|---|---|---|---|---|
| எடுப்பது | பெரும்பாலும் வடிவம் | வடிவம், கொஞ்சம் செய்முறை | இயற்கையின் பொருளே | செய்முறையே |
| கட்டாயம் வேண்டியது | கேமரா, தேய்ப்புச் சோதனை | இழுவிசைக் கருவி, ஈரக் கட்டுப்பாடு | டயாலிசிஸ், குளிர்பதனம் | சுத்தமான அறை, ஓவன் |
| மறைந்த செலவு | ஃப்ளூரின், தேய்மானம் | களிமண்ணைப் பிரிக்கும் நேரம் | உப்பு, நிறைய நீர் | பூசணம், எரிபொருள், எடை |
| முடிவில் | உலோகம் மறுசுழற்சிக்கு | பாலிமர் கலந்த மண், பிரிப்பது கடினம் | மக்கும் | மக்கும் |
| தோற்றால் மிஞ்சுவது | நிறைய | ஓரளவு | குறைவு | மிக நிறைய |

சிப்பியின் பீங்கான் பாதையை அட்டவணையில் சேர்க்கவில்லை. உயர்வெப்ப ஃபர்னஸ் உள்ள ஆய்வகத்தில் பிஎச்.டி. செய்யப்போகிறவர்களுக்கு அது நல்ல தேர்வு, மற்றவர்களுக்கு ஆசை காட்டுவானேன்?

## யாருக்கு எது

பணமும் நேரமும் குறைவு, அணியில் இரண்டே பேர் என்றால் கொதிநீர் அலுமினியம். ஆறு வாரத்தில் தரவு வர ஆரம்பித்துவிடும். பின்னால் வேலைக்கு நேர்காணல் போகும்போது தேய்மானம், பூச்சு என்று பேச வாய்ப்பும் அதிகம்.

மேற்படிப்புக்குப் போகும் எண்ணம் உறுதியாக இருந்தால் களிமண் சிப்பி. கூட்டுப்பொருள் இயந்திரவியலை இதைவிட நன்றாகக் கற்றுத்தரும் புராஜெக்ட் எனக்குத் தெரியவில்லை. சலிப்பான வேலை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான்கு பேர் இருக்கிறீர்கள், அதில் ஒருவராவது விடுமுறையிலும் ஊருக்குப் போகாமல் அச்சுகளைப் பார்த்துக்கொள்வார் என்றால் காளான். அப்படி ஒருவர் இல்லையென்றால் எடுக்காதீர்கள். உயிருள்ள சரக்குக்கு லீவு கிடையாது.

காளான் எடுப்பவர்களுக்கு இன்னும் ஒரு வேலை இருக்கிறது. முதல் தொகுதியை வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்கு முன், செப்டம்பரிலேயே போட்டுவிடுங்கள். பன்னிரண்டு அச்சு வேண்டாம், நான்கு போதும். வடித்த வைக்கோலை ஒரு கைப்பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள். உள்ளங்கை ஈரமாக வேண்டும், விரலிடுக்கில் சொட்டக் கூடாது.